புத்தி சொல்லக் கூடாத வியாழக்கிழமைகள்

ஜூன் 7, சனி

நான் வீட்டில் குழந்தைகள் காப்பகம் தொடங்கிவிட்டதாக இந்த அடுக்ககத்தில் பேச்சு. இன்று காலை மாதா கோவில் பூசைக்குப் போகும்போது காவலாளி இசக்கி கேட்டைத் திறந்துகொண்டே கேட்டான்: "என்னம்மா, கேப்டன் ஐயா போன பெறவு பொழுது போகலன்னு பிள்ளை பாத்துக்கிற எடம் தொறந்துட்டியளாமே?"

ஒரே மூச்சில் மூன்று தவறுகள். முதலாவது, இது காப்பகம் அல்ல. பெற்றவர்கள் குழந்தையை விட்டுவிட்டுப் போவதில்லை, கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது, இறந்துபோன என் கணவர் லியோ மோத்தா கேப்டன் அல்லர். துறைமுகத்தில் கிரேன் பிரிவுப் பொறியாளர். கப்பலில் ஏறினால் அவருக்குத் தலைசுற்றும். மூன்றாவது, எனக்குப் பொழுது போகாமல் இல்லை. பூசை, தோட்டம், செய்தித்தாள், கோவில் பாடற்குழுவின் கணக்கு. நேரமே போதவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாம் மாடி ஷைனி பேறுகாலத்துக்கு மணப்பாட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போனவள், ஐந்து மாதக் குழந்தையோடு போன மாதம் திரும்பி வந்தாள். கணவன் கப்பல் ஏஜென்சிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தரைத்தளத்தில் என் வாசலுக்கு நேரே படிக்கட்டில் வந்து உட்காருவாள். அங்கே காற்று வரும். பிறகு இன்னொருத்தி வந்தாள். பிறகு ஓர் ஆண்பிள்ளை, மார்பில் ஒரு பையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு. மூன்று பேரும் படியிலே உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு நாள் ஷைனி அழுதாள். படிக்கட்டு ஏறி இறங்குவதற்கு. உட்கார்ந்து அழுவதற்கு அல்ல. "கூடத்தில் வந்து உட்காருங்கள்" என்றேன். நேற்று முன்தினம் வந்து உட்கார்ந்தார்கள். இனி வியாழன்தோறும் வரலாமா என்று கேட்டார்கள். சரி என்றேன்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. அது ஒரு தகவல். நோய் அல்ல.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்ததும் பிரிஜித்தா பிடித்துக்கொண்டாள். பிரிஜித்தா ரொட்ரிகோ ஷைனியின் மாமியார். அடுத்த தெருவில் வீடு. கான்வென்டில் என்னோடு ஒரே வகுப்பு. கணக்கில் எனக்குக் கீழே, குரல் மட்டும் எனக்கு மேலே.

"எங்க மருமக ஒங்க வீட்ல என்னட்டி செய்யுதா?"

"கூட்டம் நடக்கிறது."

"என்ன கூட்டம்?"

"கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் கூடிப் பேசுகிறார்கள்."

"எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள். எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவள் கடைசிக் குழந்தைக்கே முப்பது வயது.

ஜூன் 11, புதன்

நாளை வியாழன். திரைகளைத் துவைத்தாயிற்று.

ஜூன் 12, வியாழன்

வந்தார்கள்! நான்கு மணி என்று சொல்லியிருந்தேன். ஒருவர் நாலே காலுக்கு, ஒருவர் நாலரைக்கு, ஷைனி அதற்கும் பிறகு. அவள் படி இறங்கிப் பாதி வழியில் குழந்தை ரியோ கக்கிவிட்டதாம். சட்டை மாற்றத் திரும்பிப் போய்விட்டாள். பரவாயில்லை. வந்தார்கள்.

முறைப்படி நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்: வரவேற்பு, வருகைப் பதிவு, இன்றைய பொருள், நன்றியுரை. ஜெபத்தை விட்டுவிட்டேன், ஃபாயிஸா இஸ்லாமியப் பெண். ஷைனி தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, என்ன ஸ்கூல் ஆண்டு விழாவா? இங்க ஒரே ஒரு சட்டம்தான். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது."

"அப்படியென்றால்?"

"வீட்ல காலைல எந்திரிச்சதுல இருந்து புத்திதான் ஆன்ட்டி. எண்ணெய் தேய், தேய்க்காத. தொட்டில்ல போடு, போடாத. வசம்பு கட்டு. அழ விடாத, அழ விட்டாத்தான் நுரையீரல் விரியும். எங்க மாமி போன பெறவு எதுத்த வீட்டுக்காரி வாரா. இங்கயாவது வாய மூடிட்டுக் கேக்கணும். கேட்டா மட்டும், 'நான் இப்படிச் செஞ்சேன்'னு சொல்லலாம். 'நீ செய்'னு சொல்லக் கூடாது."

"மீறினால்?"

"பாட்டுப் படிக்கணும்" என்றான் அந்த ஆண்பிள்ளை.

அவன் பெயர் கார்த்தீசன். நான்காம் மாடி. மனைவிக்கு வங்கியில் வேலை. பேறுகால விடுப்பு முடிந்து அவள் திரும்பிவிட்டாள். இவன் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்த்துக்கொண்டு மகன் இனியனை வளர்க்கிறான். பெண்கள் பால் கொடுக்கும் கூட்டத்தில் ஆண் எப்படி இருப்பான் என்று நான் கவலைப்பட்டேன். அவனோ யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியை எடுத்துக் கடலைப் பார்த்த வராந்தாப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். "நான் கப்பல் பாக்கேன், நீங்க பாருங்க" என்றான். பேச்சில் மட்டும் கலந்துகொண்டான். முதுகைக் காட்டிக்கொண்டு இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஒருவனை நான் பார்த்ததில்லை.

ஃபாயிஸா காயல்பட்டினத்துப் பெண். அவள் ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து தங்குவாராம். பெண் தாய்வீட்டை விட்டே போவதில்லை. இவள் கணவனுக்கு அனல் மின் நிலையத்தில் வேலை என்பதால் இங்கே குடிவந்துவிட்டாள். "எங்க தெருவுல முதல் முதலா உம்மா வீட்டை விட்டு வந்தவ நான்தான்" என்றாள். அவள் மகள் ஹனா சின்னஞ்சிறியது, மூன்று மாதம் முடிந்து சில நாட்கள்தான் ஆகிறது.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொருவரும் இந்த வாரம் தன்னால் முடியாமல் போன ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"காலைல பல் தேய்க்க முடியல. மத்தியானம் மூணு மணிக்குத்தான் ஞாபகமே வந்துச்சு" என்றான் கார்த்தீசன், கப்பலைப் பார்த்தபடி.

"பிள்ளை அழுதான். பாத்ரூம்ல தண்ணியைத் தொறந்துவிட்டுட்டு நானும் சேந்து அழுதேன்" என்றாள் ஷைனி.

"உம்மாட்ட போன்ல உண்மையைச் சொல்ல முடியல. நல்லாருக்கேன்னு சொல்லிட்டேன்" என்றாள் ஃபாயிஸா. பிறகு, "இவ கையிலயே இருந்தாத்தான் தூங்குதா. கீழ வச்சா முழிச்சிக்கிடுதா" என்றாள்.

"எந்நேரமும் கையிலேயே வைத்திருந்தால்..." என்று நான் தொடங்கினேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கார்த்தீசன்கூடத் திரும்பினான்.

மறுத்துப் பார்த்தேன். விடவில்லை. ஆயர் வருகைக்காகக் கான்வென்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த ஒரு லத்தீன் பாட்டை எழுந்து நின்று பாடினேன். உட்கார்ந்து பாடி எனக்குப் பழக்கமில்லை. இரண்டாவது அடியில் ரியோ அழுதான். அவனைப் பார்த்து இனியன். பிறகு ஹனா.

"ஆன்ட்டி, தண்டனை ஒங்களுக்கா எங்களுக்கா?" என்றான் கார்த்தீசன். நானும் சிரித்துவிட்டேன்.

என் முறை வந்தபோது, எனக்கு முடியாமல் போனது ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மை.

ஜூன் 19, வியாழன்

இன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்! சொல்வது சுலபம். ஷைனி ரியோவின் தலையில் ஒட்டியிருக்கும் செதிலைப் பற்றிப் பேசினாள். எனக்கு ஒரு கருத்து இருந்தது. நாக்கைக் கடித்தேன். கார்த்தீசன் புட்டியை எப்படிக் கழுவுகிறான் என்பதை அவன் சொன்னபோது எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துபோய்ச் சுண்டல் கொண்டுவந்தேன். அப்படியே அவல் உப்புமாவும். வாய்க்கு வேலை கொடுத்தால் புத்தி வெளியே வராது.

வேடிக்கை என்னவென்றால், நான் ஒன்றும் சொல்லாதபோது அவர்கள் நிறையச் சொல்கிறார்கள். ஷைனி நிறுத்தாமல் பேசினாள். அவள் பேசி முடித்தபோது பிரச்சினைக்கு ஒரு தீர்வும் கிடைத்திருக்கவில்லை. ஆனாலும் அவள் வந்ததைவிட நிமிர்ந்து நடந்து போனாள். இதை நான் யோசிக்க வேண்டும்.

என் முறை வந்தது. ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

எனக்கு ஓர் அருமையான யோசனை! புத்தி சொல்லக் கூடாது. சரி. ஆனால் ஊக்கம் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. கான்வென்டில் எங்களை உயர்த்தியது எது? மாதாந்திர ரேங்க் பலகை. மதர் தன் கையால் சுண்ணக்கட்டியில் எழுதுவார். முதல் ரேங்க் வாங்கிய நாளில் நான் சாப்பிடக்கூட மறந்தேன்.

மருந்துக்கடையில் குழந்தைகளை எடைபோடும் தராசு சொல்லியிருக்கிறேன். சமையலறைக் கரும்பலகையைக் கழற்றித் துடைத்தாயிற்று.

ஜூன் 26, வியாழன்

பிரமாதம். தராசு நீல நிறம், தொட்டில் மாதிரிக் குழிவானது. மூன்று குழந்தைகளையும் ஒவ்வொன்றாகக் கிடத்தினோம். இனியன் தராசிலேயே சிறுநீர் கழித்தான். துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தேன், நியாயம் நியாயம்தான். பிறகு பலகையில், என் கான்வென்ட் கையெழுத்தில், கோடு போட்டு எழுதினேன். முதல் ரேங்க் ரியோ. இரண்டாம் ரேங்க் இனியன். மூன்றாம் ரேங்க் ஹனா.

"ஆன்ட்டி, வயசு வேற வேறல்லா" என்றான் கார்த்தீசன்.

"வகுப்பில் வயது பார்ப்பதில்லை" என்றேன். ரியோவுக்குப் பரிசாக ஷைனியிடம் ஒரு டப்பா மக்ரூன் இனிப்பு கொடுத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஃபாயிஸாவும் தட்டினாள். பிறகு கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சீக்கிரமே கிளம்பினாள். மின்விசிறியைத் துடைக்க வேண்டும்.

பலகையை வாசலில் மாட்டினேன், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

ஜூன் 27, வெள்ளி

மின்விசிறியைத் துடைக்க முக்காலியில் ஏறினேன். தூசி இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

ரியோவுக்கு வெள்ளி இரவிலிருந்து காய்ச்சல். மழைக்காற்றுக்கு வருகிற சளிக்காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இசக்கி சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான், சொல்லாமல் விட்டிருக்கலாம். பலகையைப் பார்த்துவிட்டுப் போன பிரிஜித்தா, படிக்கட்டில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னாளாம்: "பிள்ளை பெறாதவ கண்ணு. பச்சப்பிள்ளை எடையை ஊருக்கு எழுதிப் போட்டா வெளங்குமா?"

கோவிலில் அவள் என் பெஞ்சில் உட்காரவில்லை. இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். அவளுடைய முக்காட்டின் பின்பக்கம் தையல் விட்டிருந்தது. நான் சொல்லவில்லை.

கண்ணேறு என்பதை நான் நம்புவதில்லை.

பலகையை உள்ளே எடுத்து வைத்தேன். வாசலில் வெயில் பட்டு வண்ணம் போய்விடும்.

ஜூலை 2, புதன்

நாளை வியாழன். கொண்டைக்கடலை ஊற வைத்தேன். ரியோவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

ஜூலை 3, வியாழன்

யாரும் வரவில்லை.

மாலை ஆறு மணிக்கு ஷைனி போனில் பேசினாள். "ஆன்ட்டி, மாமி ரொம்பப் பேசுதாங்க. கொஞ்ச நாளைக்கு நான் அங்க வர முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? எனக்கும் அலமாரி ஒழுங்குபடுத்தும் வேலை இருந்தது. ஒழுங்குபடுத்தினேன்.

ஜூலை 5, சனி

இசக்கிக்குப் பலகையைக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தை எழுதி வைக்க அவனுக்குப் பலகை இல்லை. தராசு மருந்துக்கடைக்கே போய்விட்டது.

ஜூலை 10, வியாழன்

இதை நிதானமாக எழுத முயல்கிறேன். கை ஓடுகிறது.

நாலு மணிக்கு அழைப்பு மணி. ஃபாயிஸா! ஹனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக நின்றாள். உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, பலகை மாட்டியிருந்த வாசல் பக்கம் பார்த்தாள்.

"பலகை எங்க ஆன்ட்டி?"

"கொடுத்துவிட்டேன்."

"நல்லது" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், சாயாவில் சர்க்கரை குறைவு என்று சொல்வதைப்போலச் சொன்னாள்: "அதைப் பாத்துட்டுப் போயி ரெண்டு நாள் எனக்குப் பால் ஊறல ஆன்ட்டி. கடைசி ரேங்க்குன்னு அவருட்டகூடச் சொல்லல."

கான்வென்டில் தப்பு செய்தவளைப்போல நான் எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். எழவில்லை. மன்னிக்கும்படி கேட்டேன். அவள் ஹனாவைப் பாயில் கிடத்தினாள்.

"நாம ரெண்டு பேருதான். பரவால்ல, கூட்டத்தை நடத்துவோம். இந்த வாரம் எனக்கு முடியாமப் போனது, இங்க வராம இருக்கது. நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன முடியாமப் போச்சு?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வந்தது. "போன வியாழக்கிழமை நாலு பேருக்குச் சுண்டல் செய்துவிட்டேன். தனியாகத் தின்று தீர்க்க முடியவில்லை."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, என்னையே பார்த்தபடி, சும்மா இருந்தாள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஜெபமாலை சொல், தோட்டத்துக்குப் போ, மனதை வேறு பக்கம் திருப்பு என்று ஒன்றும் இல்லை. அப்படி ஒருவர் சும்மா இருந்து எத்தனை காலம் ஆகிறது.

"தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சமையலறைக்குப் போனாள்.

அப்போதுதான் அது நடந்தது. ஹனா பாயில் மல்லாந்து கிடந்தவள், ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் போட்டாள். முகம் சிவந்தது. இடுப்பு திரும்பியது. தோள் மட்டும் வரவில்லை. "ம்ம்" என்று ஒரு முனகல், கிணற்றில் வாளி இழுக்கிறவனைப்போல. வா, வா, இன்னும் கொஞ்சம் என்று என் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது. ஒரே உருளல்! குப்புற விழுந்துவிட்டாள். அடியில் மாட்டிக்கொண்ட கையை இழுத்து எடுத்தாள், தலையைத் தூக்கினாள், என்னைப் பார்த்தாள்.

முதல் தடவை. எனக்குத் தெரியும், இன்னும் குப்புற விழவில்லை என்று ஃபாயிஸா சற்று முன்தான் சொல்லியிருந்தாள். மூன்றாம் ரேங்க் பெண்! நான் கத்தியிருக்க வேண்டும். கத்த வாயும் திறந்தேன். சமையலறையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

அவள் தாய் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இரண்டு கையாலும் ஹனாவைத் தூக்கி, மெல்லத் திருப்பி, முன்பு கிடந்ததைப்போலவே மல்லாக்கக் கிடத்தினேன். அவள் என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள்.

"என்ன ஆன்ட்டி சொல்லுதா?" என்று கேட்டுக்கொண்டே ஃபாயிஸா வந்தாள்.

"ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டிருந்தோம்" என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் கதவை இடிக்கும் சத்தம். ஃபாயிஸா, முக்காடு நழுவ, மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் ஓடி வந்திருக்கிறாள்.

"ஆன்ட்டி! ஹனா குப்புற விழுந்துட்டா! இப்பத்தான்! என் கண்ணு முன்னால!"

"அப்படியா!" என்றேன்.

"யாருமே பாக்கல, நான் மட்டுந்தான் பாத்தேன்! உம்மாக்கு போன் பண்ணிட்டேன். அழுதாங்க. நானும் அழுதேன், உண்மையையும் சொல்லிட்டேன், இங்க ஒத்தையில கஷ்டமா இருக்குன்னு. அடுத்த வாரம் வந்து தங்குதேன்னுட்டாங்க!"

கான்வென்டில் பொய் சொன்னதற்காக நான் ஒரு நாளும் முட்டி போட்டதில்லை. 'அப்படியா' என்பது பொய்யும் அல்ல. எங்கள் அம்மா வழியில் குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவிப்பார்கள். அவித்தேன். தேங்காயும் கருப்பட்டியும் வைத்து, ஓர் அண்டா. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இசக்கியிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் மாடிப் பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். நாள் முழுக்க நான் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்ததாக இசக்கி சொல்கிறான். இருக்கலாம்.

ஜூலை 12, சனி

கார்த்தீசன் வந்தான். இனியன் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, ஒரு விஷயம். வியாழக்கிழமை கூட்டத்தை எங்க வீட்ல வச்சிக்கிடலாம்னு பாக்கோம். கீழ வேண்டாம்னுதான் ஷைனியோட மாமி சொல்லுதாங்க, நாலாவது மாடின்னா விட்டுருவாங்களாம். ஷைனி ரெண்டு வாரமா வெளியவே வரல, ஒரு மாதிரி ஆயிட்டா. அவளுக்காகத்தான்."

"நல்ல ஏற்பாடு" என்றேன்.

"நீங்களும் வாங்க ஆன்ட்டி" என்றான், லிஃப்டில் ஏறிக்கொண்டே. கதவு மூடிவிட்டது.

நான் வந்தால் ஷைனியை விட மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூடம் என்னுடையது என்கிறவரை நான் அங்கே உட்கார ஒரு காரணம் இருந்தது. நான்காம் மாடியில் நான் யார்? அழைக்காத வீட்டுக்கு நான் போனதில்லை. லிஃப்டில் ஏறிக்கொண்டே சொல்வது அழைப்பா என்பதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்தது. பிரிஜித்தா பக்கவாசல் வழியாக நழுவப் பார்த்தாள். வேகமாக நடந்துபோய் வேப்ப மரத்தடியில் மறித்தேன். என் மூட்டுக்கு அது அதிகம்.

"நில்லுட்டி பிரிஜித்தா."

"என்னட்டி?"

"என் கண்ணு பட்டு ஒன் பேரனுக்குக் காய்ச்சல்னு சொன்னியாமே."

"நான் ஒன் கண்ணைச் சொல்லலட்டி, பலகையைச் சொன்னேன்."

"ரெண்டையும் சொன்ன. சாட்சி இருக்கு."

"சொன்னேன், போ! இப்ப அதுக்கு என்னட்டி?"

"பலகை போயிட்டு. இசக்கிட்ட குடுத்துட்டேன். இனி ஒனக்கு என்ன?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கொட்டினாள். கோவில் முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு என்னயா? நாலு பெத்தவ நான். பேரனைத் தூக்கிட்டு மருமக ஒன் வீட்டுக்கு வாரா. நானும் வாரேன்னேன். 'மாமி நீங்க வரக் கூடாது, அங்க பெரியவங்க யாரும் கிடையாது'ங்கா. பெரியவங்க கிடையாதாம்! அப்ப நீ யாருட்டி? சின்னப்பிள்ளையா? ஒனக்கும் எனக்கும் ஒரே வயசு! நீ ரெண்டு மாசம் மூப்பு!"

கான்வென்ட் நாட்களிலிருந்து அவளுக்கு நான் தேடித்தேடிச் சொன்ன முதல் மறுமொழி இது.

"நான்... நாற்காலி போடுறவ" என்றேன்.

"எனக்கும் ஒண்ணு போடேன்ட்டி" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "பிள்ளைய குளிப்பாட்டக் கூப்பிடுதாளுவ, மீன் கொழம்பு வச்சுக் குடுக்கக் கூப்பிடுதாளுவ. உக்காந்து பேசக் கூப்பிடுததில்ல. அவரு போன பெறவு எங்க வீட்ல யாரு பேசுதா? டிவிதான் பேசுது. ஒன் வீட்டுப் படியேறிப் போகும்போது உள்ள சிரிப்புச் சத்தம் கேக்கும். எனக்கு வயிறு எரிஞ்சிட்டுட்டி. அம்புட்டுதான். பட்டுச்சுன்னா அது என் கண்ணுதான்."

அவளுடைய முக்காட்டுத் தையல் இன்னும் விட்டே இருந்தது. இழுத்துச் சரிசெய்துவிட்டேன்.

"அங்க வந்தா புத்தி சொல்லக் கூடாது, பிரிஜித்தா. வாயை மூடிட்டு இருக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"பூசையிலயே அம்புட்டு நேரம் இருக்க மாட்டேன்ட்டி நான்!" என்றாள். மரத்தடியில் இரண்டு கிழவிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பங்குத்தந்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

ஜூலை 14, திங்கள்

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கீழே இருப்பது நான்காம் மாடிக்குப் போன கடிதத்தின் நகல்.

அன்புள்ள ஷைனி, ஃபாயிஸா, கார்த்தீசன்,

வியாழக்கிழமைக் கூட்டத்தை நான்காம் மாடிக்கு மாற்றியதில் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு பாய்களும் நாற்காலிகளும் உங்களுக்குத் தேவைப்படும். இசக்கி கொண்டுவந்து தருவான்.

இதுவரை என் வீடு என்பதால் நான் உங்களோடு உட்கார்ந்திருந்தேன். இனி அந்தக் காரணம் இல்லை. எனக்குக் கைக்குழந்தை இல்லை. எப்போதும் இருந்ததும் இல்லை. ஆகவே உங்கள் கூட்டத்தில் உட்காரும் தகுதி எனக்கு இல்லை என்று நீங்கள் சொன்னால் அது நியாயமே. ஆனாலும் நான் வர விரும்புகிறேன். இந்த வாக்கியத்தை எழுதத்தான் நான்கு தாள்கள் வீணாயின.

வேறொரு கோரிக்கையும் இருக்கிறது. ஷைனியின் மாமியார் பிரிஜித்தாவும் வர விரும்புகிறார். அவர் தடுத்தது என் கண்ணுக்குப் பயந்து அல்ல. வெளியே நிற்க முடியாமல். இதை அவரே என்னிடம் சொன்னார், உங்களிடம் சொல்லவும் சம்மதித்தார். சட்டத்தை விளக்கிவிட்டேன். அவர் அதைப் பத்து நிமிடத்துக்கு மேல் காப்பாற்ற மாட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷைனி சம்மதித்தால் மட்டும் போதாது. மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். பிரிஜித்தாவின் வாய்க்குப் பயந்து அல்ல, மனதார.

பெரியவர்களில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் அதைப் பிரிஜித்தாவுக்குக் கொடுங்கள். அவர் உள்ளே வந்தால் ஷைனி நிம்மதியாக வருவாள். ஷைனி படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு இந்த வியாழக்கிழமை என்னைவிட அதிகம் தேவை.

முடிவு எதுவானாலும் அதைச் சொல்ல யாரும் கீழே வர வேண்டாம். நேரில் வந்தால் நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள், பார்த்தால் 'வாங்க ஆன்ட்டி' என்றுதான் சொல்வீர்கள். நீங்கள் நல்ல பிள்ளைகள். எனக்கு வேண்டியது இரக்கம் அல்ல, பதில். வேண்டும் என்றால் மட்டும் வேண்டும் என்று எழுதுங்கள்.

புதன் மாலைக்குள், மூன்று பேர் கையெழுத்தோடு, எழுத்தில் பதில் தரவும்.

இப்படிக்கு,
ஹில்டா மோத்தா
தரைத்தளம்